ஊரோடு ஆடிய ஆட்சித்தலைவர்



பெரியோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருக என்று நம் இதழ்க் குழுவினர் என்னைப் பணித்தனர். கவிஞர், புலவர், விடுதலை வீரர் எனப் பலர் பெயரும் நினைவில் எழுந்தன. அவர்களைப் பற்றி என்னினும் நன்கு எழுத வல்லார் நம் சங்கத்தில் பலர் உளர். நானோ அந்தமானில், சிப்பிகாட்டில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்து வீட்டார் வங்காளியர். எதிர் வீட்டார் ராஞ்சிப் பக்கத்தினின்று வந்தோர். மூலைக் கடைக்காரர் மலையாளி. ஆகவே, தமிழ்நாட்டில் வளர்ந்த தோழர்கள் கேட்டிராத சில பெயர்கள் என் செவியில் இளமையிலேயே விழுந்தன. குருசதய தத்தர் என்பது அவற்றுள் ஒன்று.

வங்காளத்தில் நன்கு அறிமுகமான பெயர் அது. நம் பக்கத்திலோ அதனை அறிந்தவர் மிகச் சிலர். ஆங்கிலேயர் ஆட்சியில் ஐ.சி.எஸ். அதிகாரியாய் இருந்துகொண்டே, வேட்டியை வரிந்து கட்டி, உழவரோடும் கூலியாளரோடும் ஒரே வட்டத்தில் நின்று ஆடிய மனிதர் அவர். ஆடல் என்பது பார்த்து மகிழ்வதற்கு மட்டுமன்று, பலரும் கூடி ஆடுவதற்கே உரியது என்று நம்பினார். அந்த நம்பிக்கையை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். மாவட்ட ஆட்சித்தலைவர் ஒருவர் பொதுவெளியில் ஆடினார் என்றால் இன்றும் நாம் புருவத்தை உயர்த்துவோம். 1930-இல் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

குருசதய தத்தர் 1882 ஆம் ஆண்டு மே திங்கள் 10 ஆம் நாள், அந்நாளைய சில்ஹெட் மாவட்டத்தைச் சேர்ந்த பீரஸ்ரீ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இராமகிருஷ்ணர், தாயார் ஆனந்தமயி. நிலமுடைய குடும்பந்தான். ஆயினும் பெற்றோர் இருவரையும் அவர் இளமையிலேயே இழந்தார். ஆறும் வயலும் நீர்ப்பரப்புமாய்க் கிடக்கும் நாடு அது. படகோட்டியர் பாட்டும், மழைக்காலத்துப் படகுப் போட்டியும், முஹர்ரம் மாதத்து ஓலப் பாடலும், பெண்கள் நோன்பு நோற்று முற்றத்தில் ஆடும் ஆட்டமும் அவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தாலாட்டைப் போலத் தாமே வந்து சேர்வன. பள்ளியில் அவற்றை யாரும் கற்பிக்கவில்லை. கற்பிக்கத் தக்கவை என்று கருதியோரும் அன்று இலர்.

படிப்பில் அவர் சுடர்விட்டார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்று தேர்வில் முதன்மை பெற்றார். சில்ஹெட்டைச் சேர்ந்தோர் தம் மாவட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்கென நடத்திய சங்கம் ஒன்று உதவித்தொகை தந்து அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. நம்மைப் போன்ற ஒரு சங்கம், தோழர்களே! கேம்பிரிட்ஜில் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார், ஐ.சி.எஸ். தேர்வில் வென்றார். அத்தேர்வின் ஒரு பகுதியில் முதலிடம் பெற்ற முதல் இந்தியர் அவரே என்று அவர் வரலாற்றை எழுதியோர் பெருமையோடு குறிப்பர். வழக்கறிஞர் பட்டமும் பெற்றார். 1905-இல் தாயகம் திரும்பிப் பீகாரில் ஆரா என்னுமிடத்தில் பணியேற்றார்.

அவர் மணந்தது சரோஜ நளினி என்னும் அம்மையாரை. ஐ.சி.எஸ். பணியில் முதன்முதல் நுழைந்த இந்தியர் சிலருள் ஒருவராகிய பிரஜேந்திரநாத தேவின் மகள் அவர். அம்மையாரைப் பற்றி எழுதாமல் தத்தரைப் பற்றி எழுத இயலாது. குதிரை ஏறுவார், டென்னிஸ் ஆடுவார், வயலின் வாசிப்பார். ஆங்கிலேய அதிகாரிகளின் மனைவியரோடு சரிநிகராய்ப் பழகுவார்; ஆனால் புடவையைக் கைவிட்டதில்லை. 1913-இல் கணவர் பாப்னாவில் பணியாற்றியபோது, வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பெண்களைக் கூட்டி மகளிர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர்க் கணவருக்கு மாற்றலான ஊரிலெல்லாம் ஒரு சங்கம் தோன்றிற்று. தையல், குழந்தை வளர்ப்பு, மருத்துவச்சிப் பயிற்சி, எழுத்தறிவு என்று பணிகள் விரிந்தன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, திரை மறைவில் வாழ்ந்த பெண்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேச ஓர் இடம் கிடைத்தது. இதுவே பெரிது என்பேன்.

ஈண்டு அக்காலத்து அதிகாரிகள் வாழ்க்கையைச் சிறிது கூறவேண்டும். மாவட்டத் தலைநகர்தோறும் வெள்ளையர்க்கு ஒரு கிளப் இருந்தது. வார இறுதியில் அங்கே நடனம் நடைபெறும். ஆணும் பெண்ணுமாய் இணைந்து வால்ட்ஸ் ஆடுவர். நான்கு இணைகள் சதுரமாய் நின்று குவாட்ரில் ஆடுவர். ஒவ்வொரு பெண்மணியின் கையிலும் சிறு அட்டை ஒன்றும் அதில் கட்டிய பென்சிலும் இருக்கும். எந்த ஆட்டத்தை யாரோடு ஆடுவது என்று அதில் முன்கூட்டியே எழுதிக்கொள்வர். தனிமையில் வாடிய அயல்நாட்டார்க்கு அந்த நடன இரவு பெரும் ஆறுதல் என்பதை மறுக்க நான் ஒருப்படேன். ஆயின் அந்தக் கூடத்தின் வாசலுக்கு வெளியே விசிறி இழுப்பவனும், குதிரை பிடிப்பவனும், பரிமாறுபவனும் நின்றனர். பல கிளப்புகளில் இந்திய உயர் அதிகாரிக்குக்கூட நெடுங்காலம் இடமில்லை.

எங்கள் அந்தமானில் இதற்குக் கண்கூடான சான்று இருக்கிறது. அன்று ரோஸ் தீவு என்று வழங்கிய தீவு, 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1858-இல் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டபின் ஆட்சித் தலைமையிடமாய் விளங்கியது அது. மாதா கோயில், ரொட்டிக் கூடம், நடனக் கூடம் எல்லாம் அங்கே இருந்தன. சங்கிலி பூட்டிய கைதிகள் காடு வெட்டிக் கல் சுமந்து கட்டிய தீவில், நிலவொளியில் இசை முழங்க இணை இணையாய் ஆடியிருக்கின்றனர். இன்று அச்சுவர்களை ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அங்கே மான்கள் திரிகின்றன. சுற்றுலா வரும் தோழர்கள் அந்த நடனத் தளத்தின்மேல் நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர்.

நிற்க. தத்தர் இத்தகைய உலகில்தான் வாழ்ந்தார். ஆங்கிலேயர் ஆடுவதைக் கண்டு அவர் முகம் சுளிக்கவில்லை. அவரை வருத்தியது வேறொன்று. ஆளுவோர்க்கு ஆடக் கூடம் இருந்தது. ஆளப்படுவோரில் கற்றவர்களோ, ஆடல் என்பது கூத்தியர் தொழில், கீழ்மக்கள் பழக்கம் என்று ஒதுக்கிவிட்டிருந்தனர். ஊரார் ஆட்டங்கள் கற்றோர் கண்முன்னே மெலிந்து மறைந்துகொண்டிருந்தன. கற்றவன் ஆடமாட்டான், ஆடுபவன் கற்கமாட்டான். இரு சாராரும் ஒரே ஊரில் வாழ்ந்தும் ஒரு பொழுதும் தோளோடு தோள் நின்றதில்லை.

1925 ஆம் ஆண்டு சனவரி 19 ஆம் நாள் சரோஜ நளினி அம்மையார் மறைந்தார். அப்போது அவர்க்கு வயது 37 தான். தத்தர் நொறுங்கிப் போனார் என்றே கூறவேண்டும். ஆனால் துயரைப் பணியாக மாற்றும் ஆற்றல் சிலர்க்கு உண்டு. சில வாரங்களுக்குள் அம்மையார் பெயரால் ஒரு சங்கம் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. சிற்றூர்தோறும் பரவிய மகளிர் சங்கங்களுக்கு அது தாய்ச் சங்கமாயிற்று. மனைவியின் வாழ்க்கையை ஒரு நூலாகவும் எழுதினார். அதன் ஆங்கிலப் பதிப்புக்கு இரவீந்திரநாத தாகூர் முன்னுரை வழங்கினார். அதன்பின் தத்தர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஊர்ப்பணியே இல்லறமாயிற்று.

அவருடைய ஆட்சிப் பணியிலும் ஒரு முள் இருந்தது. 1928-இல் அவர் ஹௌரா மாவட்ட ஆட்சித்தலைவர். லில்லுவா இரயில்வே தொழிற்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த காலம். பாமன்காச்சி என்னுமிடத்தில் காவற்படையினர் சுட்டதில் உயிர்கள் மாண்டன. விசாரித்த தத்தர், அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு நியாயமில்லை என்று முடிவு கூறினார். ஆளும் அரசின் ஊழியர் ஆளும் அரசின் துப்பாக்கியைக் குற்றம் சாட்டினார்! பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை அச்செய்தி சென்றது. அவர் மைமன்சிங் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டார். 1930-இல் உப்பு அறப்போர் எழுந்தபோது அங்கும் மக்கள்மீது தடியை ஏவ அவர் மனம் ஒப்பவில்லை. மீண்டும் மாற்றம்; இம்முறை பீர்பூம். தண்டனை போன்ற இந்த மாற்றங்களே அவர் வாழ்வுக்குப் புதையலாய் அமைந்தன. மைமன்சிங்கில் ஒன்றும் பீர்பூமில் ஒன்றுமாய் இரண்டு ஆட்டங்கள் அவருக்காகக் காத்திருந்தன.

அவற்றைச் சொல்லுமுன் இலண்டனுக்கு ஒருமுறை சென்று வரவேண்டும். 1929-இல் தத்தர் அங்கே ஆல்பர்ட் மண்டபத்தில் ஆங்கில நாட்டுப்புற நடன விழாவைக் கண்டார். அவ்விழாவின் பின்னே செசில் ஷார்ப் என்பவரின் உழைப்பு இருந்தது. ஷார்ப் இசை ஆசிரியர். 1899 கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஆக்ஸ்போர்டை அடுத்த ஹெடிங்டனில் தங்கியிருந்தபோது, கொத்துவேலை செய்யும் சிலர் தெருவில் ஆடி வந்தனர். உறைபனியால் கட்டட வேலை நின்றுபோக, கையில் காசில்லாமல் காலம் தவறி ஆட வந்தவர்கள் அவர்கள். வில்லியம் கிம்பர் என்ற இளைஞர் கான்செர்ட்டினா என்னும் சிறு துருத்தி இசைக்கருவியை வாசித்தார். மறுநாள் ஷார்ப் அவரை அழைத்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். அன்று தொடங்கிய வேலை 1911-இல் ஆங்கில நாட்டுப்புற நடனக் கழகமாய் வளர்ந்தது. ஷார்ப் 1924-இல் இறந்தார். தத்தர் கண்டது அவர் நட்ட மரத்தின் நிழலைத்தான்.

அங்கே ஆடியவற்றுள் இணை நடனங்கள் பல. அவற்றின் அமைப்பை நான் விரும்பிப் படித்தேன். அதனை விளக்குவதற்குச் சற்று இடம் எடுத்துக்கொள்கிறேன். 1651-இல் ஜான் பிளேஃபோர்டு என்பார் இலண்டனில் அச்சிட்ட நடன நூலில் இம்முறைகள் காணப்படுகின்றன. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. எதிரெதிர் நிற்பவர் ஓர் இணை. எத்தனை இணைகள் வந்தாலும் வரிசை நீளுமே தவிர, இடமில்லை என்ற பேச்சில்லை. முதல் இணை இரண்டாம் இணையோடு கைகோத்துச் சுற்றி, இடம் மாறி, ஒரு படி கீழிறங்கும். பிறகு மூன்றாம் இணையோடு அதே ஆட்டம். இப்படியே நகர்ந்து நகர்ந்து, இசை ஓயுமுன் அந்த வரிசையில் நிற்போர் எல்லாரோடும் எல்லாரும் ஒருமுறையாவது கைகோத்து விடுவர். பண்ணையார் மகளும் பால்காரன் மகனும் ஒரே வரிசையில் நின்றால், அந்த ஆட்டம் அவர்களைச் சந்திக்க வைத்தே தீரும். வால்ட்ஸ் நடனத்தில் ஓர் இணை தனக்கென ஓர் உலகத்தை வட்டமிட்டுக் கொள்கிறது. நாட்டுப்புற இணை நடனத்தில் இணை என்பது ஊருக்குள் நுழையும் வாசல்.

தத்தர் இதனைக் கண்டு திரும்பினார். ஆங்கிலேயனைப் போல நாமும் ஆடவேண்டும் என்ற எண்ணத்தோடு அவர் வரவில்லை. தொழிற்சாலைப் புகையில் மூழ்கிய நாடே தன் ஊர் ஆட்டங்களைத் தேடி எடுக்கிறதென்றால், இன்னும் உயிரோடிருக்கும் நம் ஆட்டங்களை நாம் சாகவிடலாமா என்ற கேள்வியோடு வந்தார். அவ்வாண்டே மைமன்சிங்கில் நாட்டுப்புற நடனத்துக்கும் இசைக்கும் ஒரு கழகம் தோன்றியது.

மைமன்சிங்கில் அவர் கண்டது ஜாரி ஆட்டம். கர்பலாக் களத்தில் 680-இல் நிகழ்ந்த துயரைப் பாடி, முஸ்லிம் உழவர்கள் வட்டமாய் ஆடுவது. தலைவர் பாட, காலில் சதங்கையும் கையில் துணியுமாய் மற்றையோர் பின்பாட்டுப் பாடி அடியெடுத்து வைப்பர். ஓலத்தை ஆட்டமாக்கிய அவர்தம் மிடுக்கு தத்தரைக் கவர்ந்தது. இந்துப் பிள்ளைகளுக்கும் அதனைக் கற்பிக்கச் செய்தார். அந்நாளைய கிழக்கு வங்கத்தில் இஃது எளிய செயலன்று.

பீர்பூமில் கண்டது ராய்பெங்ஷே. இதன் கதை விந்தையானது. அக்காலத்தில் அவ்வட்டாரத்துத் திருமண ஊர்வலங்களில் ஒரு கூட்டம் பெண் வேடம் பூண்டு குலுக்கி ஆடி மகிழ்வித்து வந்தது. ராதையின் வேடம் என்று பொருள்படும்படி அதற்குப் பெயரும் வழங்கிற்று. தத்தர் கூர்ந்து நோக்கினார். புடவைக்குள்ளே இருந்த அசைவுகள் வேறாய் இருந்தன. வில்லை நாணேற்றுவதும், ஈட்டி எறிவதும், குதிரைமேல் அமர்ந்து விரைவதும் போன்ற அசைவுகள் அவை. இடைக்கால வங்க இலக்கியத்தில் ராய்பான்ஸ் என்னும் நெடுமூங்கில் ஈட்டி தாங்கிய காலாட்படையினர் பேசப்படுகின்றனர். அப்படையினரின் வழிவந்த ஆட்டமே இது என்று அவர் துணிந்தார். பாவுரி, டோம் முதலிய, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடிகளே அதனைக் காத்து வைத்திருந்தனர். வயிற்றுக்காகப் பெண் வேடம் கட்டிய அம்மனிதர்களைத் தத்தர் அந்த வேடத்தைக் களைந்து ஆடச் சொன்னார். வலக்காலில் பித்தளைச் சிலம்பு, தோல் முரசு, வெண்கலத் தாளம். வட்டமாய்ப் பாய்ந்து, மண் அதிர அவர்கள் ஆடினர். ஆட்சித்தலைவரும் அவர்களோடு இறங்கி ஆடினார்.

இக்காட்சியை நினைக்குந்தோறும் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. பெண் வேடத்தை இழிவென்றும் போர்வேடத்தை உயர்வென்றும் கொண்டது சரிதானா? பெண்ணாய் ஆடுவதிலும் ஒரு கலை இருந்திருக்குமே! கூத்துக் கலையில் பெண் வேடம் கட்டும் நம் ஊர்க் கலைஞர்களைப் பார்த்தவன் நான். அவர்கள் திறமைக்கு முன் தலை வணங்கியிருக்கிறேன். வீரம் இழந்த இனம் என்று வங்காளியரை ஆங்கிலேயர் இகழ்ந்த காலம் அது. அந்த இகழ்ச்சிக்கு விடை சொல்லும் வேகத்தில் தத்தர் போர் ஆட்டங்களுக்கே முதலிடம் தந்துவிட்டார் என்று நினைக்கிறேன். மகளிரின் நோன்பு ஆட்டங்களையும் அவர் தேடிச் சேர்த்தார் என்பது உண்மையே. ஆயினும் முரசு ஒலித்த அளவுக்கு அவை ஒலிக்கவில்லை.

1932-இல் பிரதசாரி இயக்கம் பிறந்தது. நாம் விரதம் என்பதை வங்காளியர் பிரதம் என்பர். விரதம் பூண்டு ஒழுகுபவர் பிரதசாரி. அறிவு, உழைப்பு, உண்மை, ஒற்றுமை, மகிழ்ச்சி ஆகிய ஐந்தும் அவர்தம் விரதங்கள். இவ்வைந்தனுள் மகிழ்ச்சியை ஒரு கடமையாக வைத்தாரே, அந்த நுட்பத்தைப் பாருங்கள்! சீர்திருத்த இயக்கங்கள் பெரும்பாலும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வன. இவரோ மகிழத் தெரியாதவன் தொண்டனாக மாட்டான் என்று நம்பினார். கடமையும் கூத்தும் இரண்டற நிற்கவேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. பயிற்சி முகாமில் காலையில் மண்வெட்டி, மாலையில் முரசு. தூர்ந்த குளத்தை வெட்டினர். வங்கத்து நீர்நிலைகளை மூடி நெல்லையும் படகையும் நெரித்த ஆகாயத்தாமரையை வாரிக் கரையேற்றினர். பிறகு அதே கரையில் வட்டமிட்டு ஆடினர். தலைமையாசிரியரும் மாணவரும், எழுத்தரும் பணியாளரும், இந்துவும் முஸ்லிமும் ஒரே வட்டத்தில் நின்றனர். வட்டத்துக்குத் தலைமாடு இல்லை, கால்மாடு இல்லை.

அவர் பரப்பிய ஆட்டங்களுள் காட்டி என்பது ஒன்று. குறுங்கோல்களைக் கையில் கொண்டு, வட்டமாய் நின்று, பக்கத்தில் இருப்பவன் கோலோடு தட்டி ஆடுவது. தோழர்களே, இது நம் கோலாட்டமே அன்றோ! நான் பயின்ற பள்ளியில் வங்காள ஆசிரியர் ஒருவர் குடியரசு நாள் விழாவுக்காக இதனை எங்களுக்குக் கற்பித்தார். எண்ணிப் பத்து நாள் பயிற்சி. என் வலப்புறம் ராஞ்சிப் பையன். இடப்புறம் வங்காளிச் சிறுமி. மூவர்க்கும் பொதுவான மொழி அரைகுறை இந்தி. ஆனால் கோல் தட்டும்போது மொழி தேவைப்படவில்லை. நேரம் தவறினால் விரலில் அடி விழும், அதுவே இலக்கணம். ஊரில் என் பாட்டி கோலாட்டம் ஆடியவர் என்று அம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டேன். அம்மா எழுந்து நின்று, கரண்டி இரண்டைக் கையில் எடுத்து, பின்னல் கோலாட்டத்தின் அடியைக் காட்டினார். அதற்குமுன் அம்மா ஆடி நான் பார்த்ததே இல்லை.

இங்கே ஓர் ஒப்புமை தோன்றுகிறது. அதே 1932-இல் நம் சென்னையிலும் ஆடலைப் பற்றிய பெரும் வழக்காடல் நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் ஒருபுறமும் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் மறுபுறமுமாய்ச் சதிராட்டத்தைப் பற்றி நாளிதழில் கடிதப் போர் தொடுத்தனர். 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்திரம் பிறந்தது. கற்ற குடும்பத்துப் பெண்கள் ஆடத் தொடங்கினர். வங்கத்திலும் தமிழகத்திலும் நோய் ஒன்றே: ஆடல் இழிந்தது என்ற எண்ணம். மருந்துதான் வேறு. இங்கே ஆடலை மேடைமேல் உயர்த்தினோம். அதனால் கலை நுணுகி வளர்ந்தது, உலகமும் போற்றியது. தத்தரோ ஆடலைத் திடலில் இறக்கினார். அதனால் பெருங்கலைஞர் எவரும் தோன்றவில்லை, ஆனால் கூச்சம் போயிற்று. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நம் ஆண்டு விழாவை எண்ணிப் பார்க்கிறேன். மேடையில் பன்னிருவர் ஆட, கீழே நானூற்றுவர் கைபேசியை உயர்த்திப் பிடித்து நிற்கிறோம். நகரத்து விடுதிகளில் சால்சா கற்கும் நம் தோழர் சிலரைப் பலர் கேலி செய்கின்றனர். எனக்கோ அவர்கள்மீது ஒரு மதிப்பு உண்டு. முன்பின் அறியாத ஒருவர் கையைப் பற்றி, அவர் காலை மிதித்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி அடி எடுத்து வைக்கின்றனர். பார்வையாளராய் நிற்க அவர்கள் மறுத்துவிட்டனர்.

தத்தரை எள்ளி நகையாடியோரும் பலர் இருந்தனர். நாடு சிறைக்குச் செல்கையில் இவர் ஆடச் சொல்கிறாரே என்றனர் சிலர். அரசு ஊழியர் நடத்தும் இயக்கம் இளைஞரை விடுதலைப் போரிலிருந்து திசை திருப்புவதற்கே என்று ஐயுற்றனர் வேறு சிலர். ஐயத்துக்கு இடமில்லாமல் இல்லை. அரசுப் பதவியின் நிழலில்தான் முகாம்கள் நடந்தன. ஆட்சித்தலைவர் அழைத்தால் எழுத்தர் வராமல் இருக்க முடியுமா? ஆட வந்தோரில் எத்தனை பேர் விரும்பி வந்தனர், எத்தனை பேர் அஞ்சி வந்தனர் என்று பிரித்தறிதல் அரிது. ஆனால் அச்சத்தால் வந்த கூட்டம் பதவி போனபின் நில்லாது. தத்தர் மறைந்த பின்னும் அந்த ஆட்டங்கள் வங்கத்துப் பள்ளிகளில் நின்றன. நாடு பிரிந்தபின் எல்லைக்கு அப்பாலும் நின்றன. வங்கதேசத்தின் பெரும் ஓவியர் கம்ருல் ஹாசன் இளமையில் பிரதசாரியாய் உருவானவரே.

ஆட்டம் தேடிச் சென்ற ஊர்களில் தத்தர் வேறு பலவற்றையும் கண்டார். கிழிந்த பழம்புடவைகளை அடுக்கித் தைத்துக் கிழவிகள் செய்த காந்தா விரிப்புகள், படச்சுருள்கள், சுடுமண் பலகைகள், மரப் பொம்மைகள், பலகார அச்சுகள் முதலியவற்றைத் தம் கைப்பொருள் கொண்டு வாங்கிச் சேர்த்தார். அவற்றைக் கலை என்று எண்ணி விலை கொடுத்தோர் அந்நாளில் மிகச் சிலரே. விற்ற பெண்களே வியந்திருப்பர். கல்கத்தாவுக்குத் தெற்கே ஜோக்காவில் நிலம் வாங்கிப் பிரதசாரி கிராமம் என்று பெயரிட்டார். பயிற்சியும் தொண்டும் ஆடலும் நிலையாய் நடைபெற ஓர் ஊர் வேண்டும் என்பது அவர் கனவு. பணியினின்று ஓய்வு பெற்றபின் அங்கேயே காலம் கழிக்க எண்ணியிருந்தார்.

காலம் கிடைக்கவில்லை. புற்றுநோய் பற்றிக்கொண்டது. 1941 ஆம் ஆண்டு சூன் 25 ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது வயது 59. அதற்கு மறுநாள், சூன் 26 அன்று, அந்தமானில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. ரோஸ் தீவின் கட்டடங்கள் விரிசல் கண்டன. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜப்பானியர் வந்திறங்கினர். அந்த நடனக் கூடத்தில் பிறகு எவரும் பழைய முறையில் ஆடவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் கூறவில்லை. நாட்காட்டியில் அடுத்தடுத்து நிற்கும் இரு தேதிகள், அவ்வளவே.

1947-இல் நாடு பிரிந்தபோது அவர் பிறந்த பீரஸ்ரீ பாகிஸ்தானின் பங்காயிற்று, பின்னர் வங்கதேசம். 1949 முதல் கிழக்கு வங்க அகதிகள் கப்பலேறி அந்தமானுக்கு வந்தனர். பாரிசால், பரீத்பூர், ஜெசூர், குல்னா ஆகிய மாவட்டங்களின் உழவர் அவர்கள். தத்தர் ஆட்டம் தேடி அலைந்த நீர்நாடு அது. காட்டைத் திருத்தி, நெல் விதைத்து, நோன்புப் பாட்டோடும் முரசோடும் அவர்கள் குடியேறினர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது சிப்பிகாட்டுப் பக்கத்து நிலம் தாழ்ந்து, வயல்களில் கடல்நீர் நிரந்தரமாய்த் தங்கிவிட்டது. அந்த உப்பு நீர்ப்பரப்பில் இன்று பறவைகள் மேய்கின்றன; அவற்றைக் காணத் தொலைநோக்கியோடு வருவோர் உளர். என் வகுப்புத் தோழர் சிலரின் தாத்தாக்கள் உழுத நிலம் அதனடியில் இருக்கிறது.

ஜோக்காவில் தத்தர் சேர்த்த கலைப்பொருள்கள் 1963-இல் அவர் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகமாயின. 2017-இல் மத்திய அரசின் நிதியுதவி நின்றுபோக, அதனை நடத்துவதே பெரும்பாடாயிற்று. கல்கத்தாவில் அவர் பெயரால் ஒரு சாலையும் உண்டு. பாலிகஞ்ச் ஸ்டோர் சாலை என்று முன்னர் வழங்கியது. 1792-இல் ஆங்கிலேயர் தமக்கெனத் தொடங்கிய பழம்பெரும் விளையாட்டுக் கிளப் இருப்பதும் அச்சாலையில்தான். அதன் முகவரியில் குருசதய தத்தரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது.